பந்தியும் பார்சலும்: புரோட்டாவை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பாளையங்கோட்டையில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு புரோட்டாக் கடை முன்னால் போய் நின்றால் கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி வரும்: 'பார்சலா, இருந்து சாப்பிடுதியளா?' இதைவிடச் சாதாரணமான கேள்வி ஊரில் வேறில்லை. பல வருஷங்களாக நானும் யோசிக்காமல் 'பார்சல்' என்றே சொல்லி வந்திருக்கிறேன். இந்தக் கேள்விக்குள் ஒரு அரசியல் இருக்கிறது என்பதும், 'தேசிய உணவு' பற்றி இங்கு நடக்கும் பேச்சுகளை இதை வைத்தே வாசித்துவிடலாம் என்பதும் எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

ஓர் உணவு இரண்டு விதமாக நம்மை வந்தடைகிறது. ஒன்று, பண்டமாக. மற்றது, பந்தியாக, அதாவது யார் பக்கத்தில் உட்கார்ந்து, யார் கையால் வாங்கித் தின்கிறோம் என்கிற உறவாக. பண்டத்தைப் பந்தியிலிருந்து கத்தரித்தெடுக்கும் ஏற்பாட்டுக்குத்தான் பார்சல் என்று பெயர். தேசியம் தன் மக்களின் உணவுகளைப் பார்சலாகத்தான் வாங்குகிறது என்பது என் வாதம். சாமானைக் கொடு, பெஞ்சை நீயே வைத்துக்கொள் என்கிறது.

2

இதை என் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டும். எங்களுடையது சைவப் பிள்ளைமார் வீடு. வளவு, தார்சா, பட்டாசல், அடுக்களை என்று உள்ளே போகப்போக ஆசாரம் கூடிக்கொண்டே போகும் அமைப்பு. வீட்டுக் கட்டுமானமே ஒரு சாதிப் பிரதி. சித்தப்பா ஒருத்தர் மாதச் சம்பள நாளில் பாய் கடையிலிருந்து புரோட்டா வாங்கி வருவார். வாழையிலை, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் சணல் கட்டு. சால்னா தனியாக ஒரு பாலிதீன் பையில். ஆச்சி பட்டாசல் நிலையிலேயே நின்றுகொண்டு சொல்வாள்: 'ஏல, அதை அடுக்களைக்குள்ள கொண்டாந்துராத. தார்சாலேயே வச்சுத் தின்னுட்டு எலையத் தெருவுல கொண்டு போட்டுட்டு வா. கைய நல்லாக் கழுவு.'

நாங்கள் பிள்ளைகள் நாலைந்து பேர் தார்சாவில் வட்டமாக உட்கார்ந்து தின்போம். சால்னாவில் கறி கிடந்ததா, வெறும் குழம்புதானா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்காமலிருப்பதுதான் ஒப்பந்தம். தீட்டு தார்சா வரை வரலாம், அதற்குமேல் கூடாது. இன்று யோசித்தால் தெரிகிறது: ஆச்சிக்குப் புரோட்டாமேல் பெரிய விரோதம் இல்லை. பிள்ளைகள் ஆசைப்படுகிறதுகள், தின்னட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் சித்தப்பா அந்தக் கடை பெஞ்சில், பாய்க்கும் லோடுமேனுக்கும் நடுவில் உட்கார்ந்து தின்றதைத் தெருவில் யாராவது பார்த்திருந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகியிருக்கும். அந்தச் சங்கடத்திலிருந்து எல்லோரையும் காப்பாற்றியது பொட்டலம். ருசி உள்ளே வந்துவிட்டது; ருசியைச் செய்தவர் வெளியிலேயே நின்றுவிட்டார்.

எங்கள் வீட்டு 'தாராளம்' இவ்வளவுதான். இதைக் கேலிசெய்ய எனக்குத் தகுதியில்லை. மார்க்சியமும் பெரியாரியமும் வாசித்து, கூட்டங்களில் சாதி ஒழிப்பு பேசத் தொடங்கிய பிறகும் நான் பார்சல்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். கடையில் கூட்டம், புகை, உட்கார இடமில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்.

3

தேசிய உணவு என்பது எப்படி உண்டாகிறது? ரொலான் பார்த் 1957இல் வெளியான 'மித்தாலஜீஸ்' நூலில், மாட்டுக்கறித் துண்டமும் உருளைக்கிழங்கு வறுவலும் பிரெஞ்சுத்தனத்தின் குறிகளாக ஆவதை விளக்கினார். அங்கு தின்பது மாமிசத்தை மட்டுமல்ல, தேசம் என்ற அர்த்தத்தையும்தான். இந்தியா குறித்து அர்ஜுன் அப்பாதுரை 1988இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இன்னும் நெருக்கமானது. நகர்ப்புற நடுத்தர வர்க்கப் பெண்களுக்காக ஆங்கிலத்தில் வெளிவந்த சமையல் புத்தகங்களை அவர் எடுத்துக்கொள்கிறார். குஜராத்திப் பண்டம் சென்னைக்கும், செட்டிநாட்டுப் பண்டம் தில்லிக்கும் செய்முறைக் குறிப்பாகப் பயணம் போகின்றன. பிராந்தியங்களை இப்படி அடுக்கி அடுக்கித்தான் 'இந்தியச் சமையல்' என்ற ஒன்று கட்டப்படுகிறது என்று காட்டுகிறார்.

சமையல் குறிப்பும் ஒருவகைப் பார்சல்தான். அளவும் பக்குவமும் மட்டும் போகும், சமைத்தவர் போகமாட்டார். அதோடு, இந்தத் தேசியச் சமையலின் மையத்தில் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டுக்குள் ஒரு அம்மா இருக்கிறாள். 'அம்மா கைப்பக்குவம்', 'பாட்டி வைத்தியம்', 'பாரம்பரியம்' என்ற சொற்களெல்லாம் அந்த அடுக்களையைச் சுற்றிப் பின்னப்பட்டவை.

புரோட்டா இந்தக் கதையாடலுக்குள் அடங்காது. ஏனென்றால் அதை எந்த அம்மாவும் செய்வதில்லை. மைதாவில் உப்பும் தண்ணீரும் எண்ணெயும் சேர்த்து அடித்துப் பிசைந்து ஊறவைக்க வேண்டும். உருண்டை பிடித்து மறுபடி ஊறவைக்க வேண்டும். பிறகு எண்ணெய் தடவிய பலகையில் தட்டி, விளிம்பைப் பிடித்து வீச வேண்டும். வீச வீச மாவு துணிபோல் விரிந்து அடியிலிருக்கும் பலகை தெரியும்படி மெலிகிறது. அதைக் கொசுவிச் சுருட்டி, திரும்ப உள்ளங்கையால் தட்டிக் கல்லில் போட்டு, வெந்ததும் நாலைந்தை அடுக்கிச் சூட்டோடு இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்கும்போதுதான் அடுக்குகள் பிரிகின்றன. மணிக்கணக்காக அனலில் நிற்கிற தோள்பட்டை வேலை அது. ஒரு வீட்டுக்கு ஆறு புரோட்டா என்று செய்ய முடியாது. தெருவுக்கே செய்தால்தான் கட்டும். செய்பவர் மாஸ்டர். ஆண், கூலியாள், அநேகமாக வெளியூர்க்காரர். ஆக இந்த உணவுக்குப் பூர்வீக அடுக்களையும் கிடையாது, ஏங்குவதற்கு ஒரு தாயும் கிடையாது. தெருவில் பிறந்து தெருவிலேயே விலைபோகிற பண்டம். தேசியம் இதைக் கண்டு கூச்சப்படுவதற்கு முதல் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

எனக்குப் பழக்கமான மாஸ்டர் ஒருத்தர் பார்சல் கட்டும்போது எப்போதும் முணுமுணுப்பார். 'பொட்டலத்துக்குள்ள போனா வேர்த்துப்போயிரும் அண்ணாச்சி. கல்லுல இருந்து எலைக்கு வரணும், எலையில இருந்து வாய்க்குப் போகணும். வீட்டுக்குக் கொண்டு போயித் தின்னா அது வேற சாமான்.' அவர் சொன்னது மாவைப் பற்றி. எனக்கு அது வேறு எதையெல்லாமோ பற்றிச் சொன்னதாகப் பட்டது.

4

'மைதா நம்ம மண்ணின் உணவில்லை' என்று தோழர்கள் சொல்கிறார்கள். இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் இது ஒரு மந்திரம். உண்மைதான். பாபநாசத்தில் மலையிறங்கி, எட்டு அணைக்கட்டுகள் வழியாக வாய்க்கால்களுக்குப் பிரிந்து, கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைவிக்கிற ஆற்றுப்படுகை இது. இங்கே கோதுமை விளையாது. தவிடும் முளையும் நீக்கிய மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு என்பதும், அதையே தினமும் தின்பது உடம்புக்கு ஆகாது என்பதும் மறுக்க முடியாதவை.

ஆனால் கோதுமை இங்கே எப்படி வந்தது? 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரங்கூன் அரிசி நின்றுபோனது. யுத்தகால ரேஷன், பிறகு சுதந்திர இந்தியாவின் தானியப் பற்றாக்குறை. 1956இல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் கையெழுத்தாகி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கியது. அரிசிப் பஞ்சத்தின் கோபத்தில்தான் 1967இல் இங்கே ஆட்சியே மாறியது. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதியின் பின்னால் இருந்தது அந்தப் பசி. ஆக, கோதுமை தமிழர் வயிற்றுக்குள் விருந்தாக வரவில்லை; அரசின் தானியக் கொள்கையாக வந்தது. அந்தக் கொள்கையின் மாவை எடுத்து, வீசி, அடுக்கி, சால்னா ஊற்றி ஒரு ருசியாக மாற்றியது தெருக்கடைக்காரரின் மூளை. திணிக்கப்பட்டதைத் தன்னுடையதாக ஆக்கிக்கொள்ளும் இந்த வேலையைப் பண்பாடு என்று சொல்ல நமக்கு ஏன் வாய் வரமாட்டேன் என்கிறது?

இங்கே திருநெல்வேலிக்காரர்களாகிய நாம் கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. நம் பெருமை அல்வா. நெல்லையப்பர் கோயில் எதிரே சாயங்காலம் திறக்கும் இருட்டுக்கடை முன்னால் வரிசையில் நின்று வாங்கி, பஸ் ஏறும் சொந்தக்காரர் பையில் திணித்து அனுப்புகிறோம். அல்வா எதில் செய்வது? கோதுமைப் பாலில். அந்தக் கடையைத் தொடங்கியவர்கள் வடக்கேயிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பத்தார். கோதுமையும் நம்முடையதல்ல, கைப்பக்குவமும் வந்தேறியது. ஆனாலும் 'தாமிரபரணித் தண்ணி ருசி, வேற எந்த ஊர்லயும் வராது' என்று ஆற்றையே சாட்சிக்கு இழுத்து அதை மண்ணின் உணவாக்கிவிட்டோம். அதே தண்ணீரில்தானே மைதாவையும் பிசைகிறார்கள்? ஆறு அல்வாவுக்கு மட்டும் சாட்சி சொல்லி, புரோட்டாவுக்கு மாட்டேன் என்று சொன்னதா? நெய்யும் சர்க்கரையும் கோயில் வாசலும் சேர்ந்த கோதுமை பாரம்பரியம். எண்ணெயும் சால்னாவும் பாய் கடையும் சேர்ந்த கோதுமை விஷம். மண் என்ற சொல்லுக்குக் கீழே சாதியும் மதமும் வேலைசெய்யும் இடம் இது. மைதாவின் கெடுதலைப் பேசுவோம், தாராளமாகப் பேசுவோம். அப்போது அல்வாவையும் சேர்த்துப் பேசவேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிகிற ஆளுக்குக் கையிலிருக்கிற காசுக்கு வேறு என்ன சூடாகக் கிடைக்கிறது என்பதையும் பேசவேண்டும்.

5

தேசியமும் சாப்பாடும் நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் இந்த ஆற்றங்கரைதான் என்பதை நாம் மறந்துவிட்டோம். 1922இல் வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். தேசியக் கல்விக்கான முயற்சி. காங்கிரஸ் நிதி கொடுத்தது. பிராமணரல்லாதாரும் மனமுவந்து கொடுத்தார்கள். அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியிடத்தில் சாப்பாடு என்ற விஷயம் வெளியே தெரிந்ததும் 1924-25இல் தமிழக அரசியலே கொந்தளித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி கேட்டார்கள். காந்தி வரை பஞ்சாயத்து போனது. 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்டார். அந்த நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறினார். அந்தக் கசப்புக்குள் சேரன்மாதேவிச் சாப்பாட்டுக்கூடமும் இருந்தது.

அன்றைய சண்டையின் மையம் இலையில் என்ன விழுந்தது என்பதல்ல. யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது. தேசம் என்றால் ஒரே பந்தி என்று ஒரு தரப்பு சொன்னது. தேசத்துக்காக ஒன்றாகப் பாடுபடுவோம், சாப்பாட்டை மட்டும் அவரவர் வழக்கப்படி வைத்துக்கொள்வோம் என்று மறுதரப்பு சொன்னது. இரண்டாவது தரப்பு தோற்றுவிட்டதாகத்தான் நம் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அது பார்சல் கட்டக் கற்றுக்கொண்டது. எங்கள் வீட்டுத் தார்சா அந்தக் குருகுலத்தின் தொடர்ச்சிதான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 15 அன்று கோயில்களில் அரசு பொது விருந்து நடத்துகிறது. அமைச்சரும் ஆட்சியரும் இலைமுன் உட்காருவார்கள். வருஷத்தில் ஒருநாள் போட்டோவுக்காகப் போடப்படும் பந்தி, மற்ற நாட்களில் அது கிடையாது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலமும்கூட.

6

இனி தில்லிக்குப் போவோம். 2017 நவம்பரில் தில்லியில் நடந்த உலக உணவு மாநாட்டில் 918 கிலோ கிச்சடி கிண்டிச் சாதனை படைத்தார்கள். கிச்சடி தேசிய உணவாகப்போகிறது என்று பேச்சு கிளம்பியதும், அப்படியெல்லாம் இல்லை என்று துறை அமைச்சரே மறுக்க வேண்டிவந்தது. தேர்வைக் கவனியுங்கள்: அரிசியும் பருப்பும் குழைந்த சைவப் பண்டம், யாருக்கும் உறுத்தாதது. அதற்கு முன் 2012இல் தேநீரைத் தேசிய பானமாக அறிவிக்கப்போவதாகத் திட்டக்குழுத் துணைத்தலைவர் சொன்னார், அதுவும் நடக்கவில்லை. தேநீர் தேசியமாவது இருக்கட்டும். 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளர்களின் கோரிக்கைகளோடு போன ஊர்வலத்தில் போலீஸ் அடித்து விரட்டி, 17 பேர் இதே தாமிரபரணியில் செத்துப்போனார்கள். பானத்துக்கு மகுடம், பறித்த கைக்குத் தடியடி. பார்சல் என்று நான் சொல்வதன் கொடூரமான வடிவம் அது.

புரோட்டாவின் முறை 2020இல் வந்தது. பாக்கெட்டில் அடைத்து விற்கும் புரோட்டாவுக்கு எவ்வளவு ஜிஎஸ்டி என்ற கேள்விக்கு, அது ரொட்டி, சப்பாத்தி வகையில் சேராது, தின்பதற்குமுன் மறுபடி சூடாக்க வேண்டியது, ஆகவே 5 அல்ல, 18 சதவீதம் என்று கர்நாடகத்தின் முன்தீர்ப்பு ஆணையம் சொன்னது. தெற்குக்கு எதிரான சதி என்று நம்மவர்கள் கொதித்தார்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. 2022இல் குஜராத்தின் மேல்முறையீட்டு ஆணையம் வடக்கத்திப் பராத்தாவையும் ரொட்டியல்ல என்று தள்ளிவைத்தது. 2024இல் கேரள உயர்நீதிமன்றம் மலபார் பரோட்டாவுக்கு 5 சதவீதம்தான் என்றது. கடைசியில் 2025 செப்டம்பரில் சப்பாத்தி, பராத்தா, பரோட்டா, எந்தப் பெயரிட்டு அழைக்கப்படும் இந்திய ரொட்டியானாலும் வரியில்லை என்று ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது.

ஆக ஐந்து வருஷம் காத்திருந்து புரோட்டா 'இந்திய ரொட்டி' ஆகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் எந்தப் புரோட்டா? பாக்கெட்டுக்குள் உறைந்த புரோட்டா. மாஸ்டரும் கல்லும் பெஞ்சும் சால்னாவும் கழிந்துபோன, கடையில் வாங்கி அடுக்களைக்குள்ளேயே கொண்டுபோகக்கூடிய புரோட்டா. ஆச்சி இருந்திருந்தால் இதைத் தடுத்திருக்கமாட்டாள். தேசியத்துக்குள் நுழைய அது கொடுத்த விலை இதுதான்.

கடல் கடந்து போனால் காட்சி கொஞ்சம் மாறுகிறது. மலேசியாவில் இதன் சகோதரனான ரொட்டி சானாய், தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடைகளில் வளர்ந்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பட்டியலில் மலேசியாவின் காலையுணவுப் பண்பாடு சேர்க்கப்பட்டபோது, நாசி லெமாக்கோடும் தே தாரிக்கோடும் ரொட்டி சானாயும் அதில் இருந்தது. அங்கே முன்வைக்கப்பட்டது பல இனத்தார் கூடியுண்ணும் அனுபவம், அதாவது பந்தி. மலேசியாவில் இனப் பாகுபாடு இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சொல்லிக்கொள்ளும் அளவிலாவது ஒரு தேசம் பெஞ்சை ஏற்றுக்கொள்ள முடிகிறது என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

7

இவ்வளவு சொல்லிவிட்டு, பார்சலை முழுக்கக் கெட்டது என்று முடித்தால் அது ஆம்பிளைக் கட்டுரையாகிவிடும். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களைப் பாருங்கள். எல்லாம் ஆண்கள். மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் நாள் முழுக்கப் பீடி சுற்றிவிட்டு ராத்திரி உலை வைக்கத் தெம்பில்லாத பெண்ணுக்குப் புரோட்டா பார்சலாகத்தான் கிடைத்தது. அந்தப் பொட்டலம் அவளுக்கு அடுக்களையிலிருந்து ஒருநாள் லீவு. எங்கள் சித்தியும் தார்சாவில் எங்களோடு உட்கார்ந்து, ஆச்சி பார்க்காத நேரத்தில் ஒரு துண்டைச் சால்னாவில் முக்கி வாயில் போட்டுக்கொண்டது இப்போது ஞாபகம் வருகிறது. பொட்டலம் வந்திராவிட்டால் அந்த ருசி அவளுக்கு எட்டியே இருக்காது.

பெஞ்சும் சொர்க்கமில்லை. கிராமத்து டீக்கடைகளில் தனி டம்ளர் வைத்தது நம் ஜனங்கள்தான். தலித் நண்பர் ஒருவர் சொன்னார்: 'ஊர்க் கடையில கையில ஏந்தித்தான் வாங்கணும். ஜங்ஷனுக்கு வந்தாத்தான் பெஞ்சு. அங்க யாருக்கு யாரைத் தெரியும்? மொத தடவ உக்காந்து தின்னப்போ புரோட்டாவவிட அந்தப் பெஞ்சுதான் ருசியா இருந்துச்சு.' அவருக்கு முன்பு ஊரில் கிடைத்ததும் ஒருவகைப் பார்சல்தான், உட்காராதே என்று சொல்லிக் கொடுத்த பார்சல். ஒரே பொட்டலம் எனக்குச் சௌகரியம், சித்திக்கு விடுதலை, அவருக்கு அவமானம். ஆகவே பார்சலா பெஞ்சா என்ற கேள்வியை, யாருக்குத் தேர்ந்தெடுக்கிற உரிமை இருக்கிறது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

2024 மார்ச்சில் சொமேட்டோ நிறுவனம் 'சுத்த சைவ' வாடிக்கையாளர்களுக்கென்று தனி ஆட்களையும் பச்சைச் சீருடையையும் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் மறுநாளே பச்சைச் சட்டையை மட்டும் கைவிட்டது. பண்டம் தீட்டுப்படாமலிருப்பது போதாது, அதைச் சுமந்துவரும் பையும் ஆளும்கூடத் தீட்டில்லாமல் வேண்டும் என்ற ஆசைக்கு அது ஏற்பாடு. சேரன்மாதேவிக்கு நூறு வருஷம் கழித்து, சாப்பாட்டுக்கூடமே இல்லாமல் தனிப்பந்தி போட முடிகிறது.

8

சமீபத்தில் அதே கடைக்குப் போனேன். 'பார்சலா, இருந்து சாப்பிடுதியளா?' இருந்து சாப்பிடுகிறேன் என்றேன். மாஸ்டர் ஒருகணம் நிமிர்ந்து பார்த்தார். பெஞ்சில் எனக்கு ஒரு பக்கம் ஆட்டோக்காரர், மறுபக்கம் செருப்பில் சிமெண்ட் காய்ந்திருந்த ஒரு பையன், வடக்கத்திக்காரன். அவன் இந்தியில் ஏதோ கேட்டான். மாஸ்டர் தமிழில் பதில் சொல்லிக்கொண்டே அவன் இலையில் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றினார். அவன் ஊர்க் கோதுமை, இந்த ஊர் ஆற்றுத்தண்ணீர். யாரும் யாரையும் தேசமே என்று கட்டித்தழுவிக்கொள்ளவில்லை. தின்றோம், கைகழுவினோம், காசு கொடுத்தோம்.

ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்ததால் நான் சாதியைத் துறந்துவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் வீட்டு அடுக்களைக்குள் அந்த மாஸ்டர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. நானும் இதுவரை கூப்பிட்டதில்லை. கட்டுரை எழுதுவதற்கு முன்னால் அதைச் செய்திருக்க வேண்டும். புரோட்டா தேசிய உணவா இல்லையா என்பதை ஆணையங்கள் தீர்த்துக்கொள்ளட்டும். தார்சாவைத் தாண்டி யார் வரலாம் என்பது நாம் தீர்க்க வேண்டியது. நண்பர்கள் அவரவர் வீட்டுத் தார்சாவிலிருந்து இதற்குப் பதில் எழுதினால் பேச்சைத் தொடரலாம்.